கிளட்ச் மிதித்த கால்

அந்த வேனில் ஏறுகிற எந்தப் பெண்ணும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துவிட முடியாது. தலைவலி என்றால் ஓட்டுகிறவர் டாஷ்போர்டு மூடியைத் திறப்பார். வயிற்றுவலி என்றாலும் அதே மூடிதான். ஊக்கு, பிளாஸ்டர், பேட், தைலம், புளிப்பு மிட்டாய், வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, எல்லாம் அதற்குள் ஓர் ஒழுங்கோடு இருக்கும். காலை ஐந்தேகாலுக்குக் கலும்பாங்கில் புறப்பட்டு, கெர்லிங்கில் எங்களை அள்ளிக்கொண்டு, ரவாங் தொழிற்சாலைகளில் பதின்மூன்று பெண்களை இறக்கிவிடும் வேன் அது. அதை ஓட்டியவரை ஊரே வேன் அக்கா என்றது. என் அம்மாவும் அக்கா என்றார், நானும் அக்கா என்றேன். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

நான் அப்போது உயிர்மருத்துவ அறிவியலில் இறுதியாண்டு. ரவாங்கில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பயிற்சி. அவருடைய இளைய மகளை விட்டால் வேனில் தொழிற்சாலைக்குப் போகாதவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தார். நான் டாக்டர் இல்லை, டியூப்பில் வருகிற இரத்தத்தை மெஷினில் வைத்துச் சுற்றுகிறவள்தான் என்று மூன்று முறை விளக்கிப் பார்த்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான்லா. வெள்ளைச் சட்டை போட்டிருக்கல்ல" என்றார்.

அவருடைய வாயில் அடிக்கடி வருவது ஒரே வாக்கியம். "வுடு, நான் பாத்துக்கிறேன்." ஒருமுறை ஒருத்தியின் புருஷன் அவள் வேலைக்குப் போகக்கூடாது என்று அவளுடைய ஐசி அடையாள அட்டையை ஒளித்து வைத்துவிட்டான். அக்கா வேனை அந்த வீட்டு வாசலில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. உள்ளே போனவர் நான்கு நிமிடத்தில் அட்டையோடு வெளியே வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "பேசவேண்டியதப் பேசுனேன்" என்றார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாம் அக்கா, நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருப்பாள். பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னாள். அக்கா கேட்கவில்லை. யாரையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. எங்களுக்கு என்ன தேவை என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

இடது காலில் மட்டும் முட்டிவரை கறுப்புக் காலுறை போட்டிருப்பார். அந்தக் கால் வலது காலைவிட ஒரு சுற்றுப் பெரியது. கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பேறி, செம்பனைக் குலையின் காம்புபோல் இறுகியிருக்கும்.

"கிளட்ச் மிதிச்ச காலு" என்பார். "எங்க வீட்டு முத்திரை இது. எங்கப்பா தோட்டத்துல குலை லோரி ஓட்டுனாரு, அவருக்கும் இதே காலு. எங்கண்ணன் இன்னிக்கும் மணல் லோரி ஓட்டுறான், அவனுக்கும் இதே."

"உங்கக்காவுக்கும் இருந்துச்சுன்னு சொன்னீங்களே" என்று பின்னாலிருந்து யாரோ கேட்பார்கள்.

"அவ தையல் மெஷினு. தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்த எல்லாருக்கும் அவதான் சட்டை தைப்பா. மிதிச்சு மிதிச்சு வந்தது."

அவருடைய அந்த அக்கா குழந்தை பெற்ற ஏழாம் நாள் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தவர். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பச்சை உடம்போடு தண்ணீரில் கை வைத்ததால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதாம். இப்படி அந்த வீட்டில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு மிதி இருந்தது, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குளிர் இருந்தது. எல்லாம் தனித்தனியாகப் பொருந்தியதால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வாரம் ஐந்து நாள் அந்தக் காலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் இரத்தவியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்த நானும் பார்க்கவில்லை.

திருவிழா நெருங்கினால் டாஷ்போர்டுக்குள் இன்னொரு பெட்டி சேரும். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. பால்குடம் எடுக்கிறவள், முளைப்பாரி போடுகிறவள், மாமியாரோடு கோயிலுக்குப் போகிறவள், எல்லோருக்கும் நாள் கணக்குக் கேட்டு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது மருந்தே இல்லை. பூ, தேங்காய், மஞ்சள் துணி என்கிற பட்டியலில் அதுவும் ஒன்று. நானும் இரண்டு வருடம் வாங்கி விழுங்கியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பத்தாங்காலியில் ஓர் அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. இளையவள் ரவாங்கில் துணிக்கடையில் வேலை செய்தாள், வேனின் கடைசி இருக்கையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருவாள். அந்த வருடம் மூத்தவளுக்குப் பால்குடம். வேண்டுதல் அக்காவுடையது, குடம் மகளுடையது. திருவிழாவுக்குப் பத்து நாள் மாத்திரை. அது முடிந்த கையோடு சொந்தக்காரக் கல்யாணம் ஒன்று வந்ததால், நிறுத்தாமல் இன்னும் பத்து நாள்.

கல்யாணம் முடிந்த புதன்கிழமை, வேன் கெர்லிங்கைத் தாண்டும்போது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பெரியவளுக்குக் காலு வீங்கிருச்சு. முத்திரை விழுந்துருச்சு போ."

"இனிமே அவளும் லோரி ஓட்டலாம்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கேட்டேன், "எந்தக் காலுக்கா?"

"இடதுதான். வேற எது?"

"அவ ஓட்டுறது ஆட்டோ கியர் காருதானே. அதுல கிளட்சே கிடையாதே."

 அக்கா கியரை மாற்றினார். அந்த நேரத்தில் அவருடைய இடது கால் கீழே போய் மேலே வந்ததை நான் பார்த்தேன். பிறகு அவரே சொன்னார்: "சின்னதுல என் மடியில உக்காந்து மிதிச்சா. அது இப்பத்தான் வேலையக் காட்டுது."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இறங்கும்போது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுங்கள் என்றேன். "நான் பாத்துக்கிறேன்டி" என்றார். தேநீர் இடைவேளையில் புத்தகத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, இன்றைக்கே போங்கள் என்று செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கால் உருவிவிடும் ஒருவரிடம் மகளை அழைத்துப்போய், தைலம் போட்டு, இரண்டு நாள் நன்றாக உருவச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை வேன் வரவில்லை. மூத்தவள் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உதடு நீலமாகிவிட்டதாம். காலில் கட்டியிருந்த இரத்தம் உடைந்து நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருபத்து நான்கு வயது.

மூன்றாவது வாரம் அக்கா வேனை எடுத்தார்.  இளையவள் வேனில் இல்லை. ரவாங்கிலேயே கடைக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னைக் கடைசியாக இறக்கும்போது அக்கா கேட்டார். "அந்த ஆஸ்பத்திரி டாக்டரு, குடும்பத்துல எல்லாரும் ரத்தம் சோதிங்கன்னாரு. எனக்கு எடு. எனக்கு இல்லன்னா சின்னவளுக்கும் இருக்காதுல்ல?"

"அவங்கப்பா வழியிலயும் வரலாம்க்கா."

"அந்த வீட்டுல எல்லாருக்கும் காலு குச்சி மாதிரி இருக்கும். எனக்கு எடு."

முடிவு வந்த அன்று மதியம் எங்கள் கூடத்து டாக்டர் அரைமணி நேரம் அவரோடு பேசினார். அவருடைய இடது காலை ஸ்கேன் செய்ததில் எப்போதோ கட்டிய பழைய இரத்தக்கட்டியின் தடம் இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அக்கா வெளியே வந்து, "ஒண்ணும் வெளங்கல. வா, வேன்ல சொல்லு" என்றார். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஏறினேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

இதை எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. அந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"ரத்தத்துல ரெண்டு கூட்டம் இருக்குக்கா. காயம் பட்டா ஓடிவந்து அடைக்கிறது ஒரு கூட்டம். அடைச்சது போதும், நிறுத்துன்னு சொல்றது இன்னொரு கூட்டம். நிறுத்துற கூட்டத்துல புரோட்டீன் எஸ்னு ஒண்ணு. உங்களுக்கு அது பாதிதான் இருக்கு. அத உண்டாக்குற குறிப்பு ஒவ்வொருத்தர் உடம்புலயும் ரெண்டு பிரதி இருக்கும், அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. உங்களுக்கு அதுல ஒண்ணு கெட்டுப்போச்சு."

"பிரேக் இல்லாத வண்டி."

"இருக்குக்கா. பாதி பிரேக்."

"பாதி பிரேக்கோடயா இத்தன வருஷம் ஓடுனேன்?"

"சமமான ரோட்டுல ஓடலாம். பாதிப் பேருக்குக் கடைசிவரைக்கும் தெரியவே தெரியாது. எறக்கம் வந்தாத்தான் தெரியும். புள்ள பெத்த நேரம் ஓர் எறக்கம், உங்கக்காவுக்கு அதுதான். ரொம்ப நாள் படுத்த படுக்கையா இருந்தா அது ஓர் எறக்கம். அந்த மாதிரி ஹார்மோன் மாத்திரை, அது..."

அங்கேயே வாயை மூடினேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

சிரெண்டாவுக்கு முன்னால், லோரிகள் உரசிப் போகிற இடத்தில், வேனை ஓரம் கட்டினார். நான்கு பக்க விளக்கும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கெட்டுப்போன குறிப்பு, அவளுக்கு என்கிட்டருந்து போனது."

"ம்."

"மாத்திரையும் என்கிட்டருந்து போனது."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சொல்லுடி டாக்டரம்மா. ரெண்டும் நான் குடுத்ததா?"

"வேணும்னு குடுக்கலையேக்கா."

"நான் அதக் கேக்கல."

மறுநாள் டாஷ்போர்டு காலியாக இருந்தது. ஊக்குகூட இல்லை. கொடுப்பதை நிறுத்தியவர் கேட்க ஆரம்பித்தார். இதுவரை யாரையும் எதையும் கேட்காதவர், வேனில் ஏறும் ஒவ்வொருத்தியிடமும் விசாரணை நடத்தினார். உங்க வீட்டுல யாருக்காவது காலு வீங்குமா. பிரசவத்துல யாராவது போயிருக்காங்களா. சின்ன வயசுல மூச்சடைச்சு யாராவது. அடுத்த திருவிழா வந்தபோது பெண்கள் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டார்கள். "டாக்டரக் கேட்டுச் சாப்பிடுங்கடி" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். காலையில் சாவுக் கதை கேட்கப் பிடிக்காமல் இரண்டு பேர் வேறு வேனுக்கு மாறினார்கள்.

அவர் உண்மையில் கேட்க விரும்பியது ஒருத்தியிடம்தான். அவள் பேசவில்லை. இளையவளுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நாளைக்குக் கல்யாணம், பிள்ளை என்று ஆகும்போது அது அவள் உயிர். டெஸ்ட் எடு என்று அக்கா செய்தி அனுப்பினார், கடை வாசலில் போய் நின்றார், பின் கதவு வழியாக அவள் போய்விட்டாள். கடைசியில் என்னை அனுப்பினார்.

கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீயும் எங்கம்மா மாதிரியே பேசுற" என்றாள். "எனக்கு என்ன வேணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"பயமா இல்லையா உனக்கு?"

"எங்கக்கா அந்த மாத்திரை வேணாம்னா, தெரியுமா? வாந்தி வருதும்மான்னா. எங்கம்மா புளிப்பு மிட்டாய் குடுத்தாங்க."

அதற்கு மேல் என்னிடம் படம் இல்லை.

நான்கு மாதம் கழித்து, நான் அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பிறகு, அவளாகவே ஒரு சனிக்கிழமை வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தாள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா, அதனாலும் அளவு குறையலாம் என்றேன். காய்ச்சல் மாத்திரைகூட இல்லை என்றாள். ஊசி ஏறும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நான் வந்தது எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. என்ன வந்தாலும்."

அளவு சரியாக இருந்தது. டாக்டர் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் சரியாக இருந்தது. கெட்டுப்போன பிரதி அவளுக்கு வரவில்லை.

"இத மட்டுமாவது சொல்லிடேன்" என்றேன். "நிம்மதியா இருப்பாங்க."

"அதுக்குத்தான் வேணாங்குறேன்" என்றாள்.

ஒருவருடைய முடிவை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் திங்கட்கிழமை வேனில் ஏறினேன். அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்கிற கேள்விதான். என்னை இறக்கும்போது, கண்ணாடியில் பார்த்து, "வந்தாளா?"

மற்ற திங்கட்கிழமைகளில் உடனே இல்லை என்றிருக்கிறேன். அன்றைக்கு, "சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

அவர் திரும்பினார். "வந்துட்டா."

"அக்கா, நான் எதுவும்..."

"நல்ல சேதின்னா நீ சொல்லாம இருப்பியாடி? உன் வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு கால் வீங்குனதுக்கே அத்தன பேசுனவ நீ." கியரைப் போட்டார். "அவளுக்கும் இருக்கு. சரி. எறங்கு, நேரமாச்சு."

இறங்கினேன். வேன் போனபின், கூடத்துக்குள் நுழையாமல் இளையவளைக் கூப்பிட்டேன். அம்மா தப்பாக நினைத்துக்கொண்டார்கள், உனக்கும் இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள், சொல்லிவிடட்டுமா என்றேன். அவள் ஒரு வாடிக்கையாளரிடம் சட்டை அளவு சொல்வது கேட்டது.

"கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச நாள் என்பது ஏழு மாதமானது. அந்த ஏழு மாதமும் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக ஏறுகிற பெண்களிடம், "என் ரெண்டு புள்ளைக்கும் இருக்கு, நீங்களாவது பாத்துக்கோங்க" என்று சொல்வார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று அவரைக் கேட்பேன். "சாப்பிடாம?" என்பார். சோதனைக்கு வாருங்கள் என்றால், அடுத்த வாரம் என்பார்.

ஏழாம் மாத முடிவில் அக்கா இறந்துபோனார், மூத்த மகள் போன மாதிரியேதான். காலிலிருந்து நுரையீரலுக்கு. ஒழுங்காக மருந்து எடுத்தவருக்கு எப்படி என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இளையவள் கூப்பிட்டாள். அம்மாவின் அலமாரியை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாளாம்.

"புடவைக்கு அடியில ஒரு கவர் இருக்கு. என் பேரு எழுதிருக்கு. உள்ள பூரா மாத்திரை. ரத்தம் கட்டாம இருக்குறதுக்குச் சாப்பிடுவாங்களே, அது."

எத்தனை இருக்கிறது என்று கேட்டேன்.

"துண்டுச் சீட்டு ஒண்ணும் வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடிக்கலன்னா பரவால்ல, இத ஒரு நாளைக்கு ஒண்ணு சாப்பிடு, சாப்பாட்டுக்கு அப்பறம்னு." அவள் மூச்சு விடுவது கேட்டது. "எண்ணிப் பாத்தேன், நூறுக்கு மேல இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அவங்க சாப்பிட்டிருக்காங்க. மிச்சமெல்லாம் எனக்கு."

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவளும் வைக்கவில்லை.